ஒரு சுரத்தின் ஆயுள்

டெட்ராய்ட் நகரில் வெஸ்ட் கிராண்ட் புலவார்டின் 2648ஆம் எண் வீட்டுக்குப் பெயர்ப்பலகை மட்டும் இல்லையென்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வெள்ளைச் சுவர், நீல ஓரம், இரண்டு மாடி. அக்கம்பக்கத்து வீடுகளும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கின்றன. குடும்பத்தின் பொதுச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி மோட்டவுன் இசை நிறுவனத்தைத் தொடங்கிய பெரி கோர்டி, 1959இல் இந்த வீட்டை வாங்கினார். அதற்கு முன் இங்கே ஒரு புகைப்பட நிலையம் இருந்தது. அதன் பின்கட்டு 'ஸ்டூடியோ ஏ' ஆயிற்று. நிறுவனம் 1972இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயரும் வரை மோட்டவுனின் பேர்பெற்ற பாட்டுகள் பெரும்பாலும் இங்கேதான் பதிவாயின. இன்று இது அருங்காட்சியகம்.

என்னோடு வந்த தம்பி பாளையங்கோட்டைக்காரன். ஊரில் சி.எஸ்.ஐ. ஆலயப் பாடகர் குழுவுக்கு பேஸ் கிதார் வாசித்தவன். இப்போது டெட்ராய்டை ஒட்டிய ஊரொன்றில் கார் கம்பெனி எஞ்சினியர். வாரநாள் முழுக்க பிரேக் டிசைன், ஞாயிறானால் அங்குள்ள தமிழ்ச் சபையில் பேஸ். நான் சென்னையில் மெல்லிசைக் குழுக்களில் வாசித்துக் கை பழகியவன். பேஸ் வாசிப்பவர்கள் இருவர் சேர்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கம்பி, பிக்கப், ஆம்ப் என்றுதான் போய் நிற்கும். டெட்ராய்டில் கிளம்பி அலபாமா வழியாக மெம்ஃபிஸ் போவது என்று இருவரும் திட்டம் போட்டதே அந்தப் பேச்சின் நீட்சிதான். எங்கள் காதில் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும் பேஸ் எந்த அறைகளில் பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

ஸ்டூடியோ ஏ சிறிய அறை. கூரையிலிருந்து மைக் வயர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கியதால் அங்கே வாசித்தவர்கள் அதைப் 'பாம்புக் குழி' என்றார்கள். வழிகாட்டியாக வந்த பெண் எங்கள் குழுவை இரண்டு வரிசையாக நிறுத்தி, 'மை கேர்ள்' பாட்டைப் பாட வைத்தார். டெம்ப்டேஷன்ஸ் குழுவினர் 1964இல் பாடியது. அந்தப் பாட்டில் முதலில் ஒலிப்பது பேஸ்தான், தனியாக. சின்னச் சின்ன அடிகள், நடுவில் வெற்றிடம். மற்றவர்கள் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தபோது தம்பி என் காதருகே குனிந்து, "அண்ணே, நடுவுல அந்தச் சத்தமில்லாத இடத்தைக் கேட்டியளா? அதுக்காகவே வாசிச்ச மாதிரில்லா இருக்கு" என்றான். அதற்குப் பிறகு எங்கள் பயணப் பேச்சு முழுவதும் அந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றி வந்தது: ஒரு சுரத்தைத் தொடங்குவது சரி, அதை எப்போது முடிப்பது?

அந்த அடிகளை வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் 1936இல் பிறந்து, 1954இல் டெட்ராய்டுக்கு வந்து சேர்ந்தவர். பள்ளியில் ஆளுயர மர பேஸைப் பழகினார். இரவில் ஜாஸ் கிளப்புகள், பகலில் மோட்டவுன். பிற்பாடு மின் பேஸுக்கு மாறியபோதும் வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டினார். மர பேஸ் கற்றுத்தந்த பழக்கம் அது. நாங்கள் இரண்டு விரலால் முக்கி முனகி வாசிக்கிற ஓட்டங்களை அவர் ஒற்றை விரலால் வாசித்திருக்கிறார் என்பதை அறிவு ஏற்றுக்கொண்டாலும் கை ஏற்க மறுக்கிறது.

அவருடைய கருவி 1962ஆம் வருஷத்து ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். அதில் கனமான லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள். மேலே சுற்றிய உலோகம் தட்டையாக, விரலுக்கு வழவழப்பாக இருக்கும் ரகம் இது. கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். வியர்வையும் அழுக்கும் ஏறிய கம்பியில் கீச்சென்ற மேல் ஒலிகள் செத்துவிடும், அடித்தொனி மட்டும் மிஞ்சும். போதாததற்கு பிரிட்ஜ் மூடியின் அடியில் ஸ்பாஞ்ச் பட்டை. இது அவர் கண்டுபிடித்ததல்ல. லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் இருந்து 1951இல் இந்த பேஸை வெளியிட்டபோது, மர பேஸின் சுருக்கமான 'தும்' என்ற ஒலிக்குப் பழகிய காதுகளுக்காகத்தான் செய்தார். அதனால் கம்பியை அமுக்கும் பட்டையைக் கம்பெனியிலேயே வைத்து அனுப்பினார்கள். பிறகு வந்த வாசிப்பாளர்கள் கைக்கு இடைஞ்சல் என்று மூடியைக் கழற்றினார்கள், பட்டையும் கூடவே போயிற்று. ஜேமர்சன் வைத்துக்கொண்டார்.

பழைய கம்பி, ஸ்பாஞ்ச், ஒற்றை விரல் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. சுரத்தின் ஆயுளைக் குறைக்கின்றன. ஆயுள் குறைந்தால் அடுத்த சுரத்துக்கு இடம் கிடைக்கும். ஜேமர்சன் 'பெர்னடெட்' போன்ற பாட்டுகளில் அவ்வளவு சுரங்களை அள்ளிப் போட்டும் பாடகரின் குரல் மூழ்காமல் மேலே நிற்பதற்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். நீளமாக ஒலிக்கும் கம்பியில் அதே வரியை வாசித்துப் பாருங்கள், சேறாகிவிடும்.

அறையும் உதவியிருக்கிறது, வேறு விதமாக. பேஸின் அடிக் கம்பியான ஈ, நொடிக்கு 41 முறை அதிர்கிறது. காற்றில் அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். இப்படிப்பட்ட சிறு அறைகளில் அந்த அலை சுவருக்குச் சுவர் மோதி, ஓரிடத்தில் ஊதியும் ஓரிடத்தில் காணாமலும் போகும். மோட்டவுனின் எஞ்சினியர்கள் பேஸையும் கிதாரையும் ஆம்புக்கு முன் மைக் வைத்துப் பிடிக்காமல், நேராகக் கன்சோலில் செருகும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அறையின் மோதல் எதுவும் கலக்காத பேஸ் டேப்பில் ஏறியது. கிளப்புக்குப் போகும்போதுதான் ஜேமர்சனுக்கு ஆம்பெக் பி-15 ஆம்ப். அதை வாங்கினால் மோட்டவுன் ஒலி வந்துவிடும் என்று நினைத்துப் பணம் சேர்க்கும் பையன்களை எனக்குத் தெரியும். அந்தப் பாட்டுகளில் அநேகமாக ஆம்பே இல்லை.

நகரின் வடமேற்கில் பழைய வாத்தியங்கள் விற்கும் ஒரு கடையில் எழுபது கடந்த பேஸ் வாசிப்பாளர் ஒருவரைச் சந்தித்தோம். கடைக்காரருக்கு நண்பர், பகல் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருப்பாராம். தம்பி கேட்கவேண்டியதையே கேட்டான்: ஃப்ளாட்டா, ரவுண்டா? ரவுண்ட்வவுண்ட் கம்பி சுற்று சுற்றாக விரலில் உரசும், பியானோ போலக் கணீரென்று நெடுநேரம் ஒலிக்கும். 1960களின் நடுவில் லண்டனில் 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசில், ரோட்டோசவுண்ட் கம்பெனியோடு உட்கார்ந்து தனக்கேற்ற ரவுண்ட் கம்பிகளை உருவாக்கினார். ராக் இசையின் பேஸ் அங்கிருந்துதான் முன்னுக்கு வந்து பேச ஆரம்பித்தது. பெரியவர் பதில் சொல்லவில்லை. தம்பியின் ஐந்து கம்பி பேஸை வாங்கினார். பளபளக்கும் புதுக் கம்பிகள். வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் மேல் சாய்த்து, கட்டைவிரலால் மெல்ல மீட்டினார். அத்தனை மினுமினுப்பும் அடங்கி, 1965 வந்து உட்கார்ந்தது. கையை ஒரு நெல்லளவு நகர்த்தினார், சுரம் நீண்டது. இன்னொரு நெல்லளவு, இன்னும் நீண்டது. கம்பி கடையில் கிடைக்கும், இந்த ஓரம் கையில்தான் இருக்கிறது என்று தன் உள்ளங்கையைத் தட்டிக் காட்டினார். தம்பி அன்றிரவே ஹோட்டல் அறையில் அதைப் பழக ஆரம்பித்துவிட்டான்.

ஜேமர்சனின் கதையில் என்னை உறுத்துவது வேறொன்று. மோட்டவுன் தட்டுகளின் உறையில் பாடியவர் பெயர் இருக்கும், இயற்றியவர் பெயர் இருக்கும். வாசித்தவர்கள் பெயர் இருக்காது. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பு 1971இல் வந்தபோதுதான் அந்த வாசிப்பாளர்களின் பெயர்கள் உறையில் அச்சாயின. அதற்குள் பத்தாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இதைக் கேட்கும் தமிழ்க் காதுக்கு நம் கேசட் உறைகள் நினைவுக்கு வராமல் இருக்காது. இளையராஜா பாட்டுகளின் பேஸை மனப்பாடமாகப் பாடிக்காட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவற்றில் பலவற்றை வாசித்த சசிதரனின் பெயரை இன்றும் எத்தனை பேர் சொல்வார்கள்? ஒரு வேறுபாடு உண்டு. இளையராஜா பேஸ் வரியை நொட்டேஷனில் எழுதியே கொடுத்துவிடுவார். மோட்டவுனில் பெரும்பாலும் ஜேமர்சனுக்குக் கிடைத்தது கார்டு வரிசை எழுதிய தாள்தான், மீதியை அவர் அந்த இடத்திலேயே நெய்தார். எழுதப்பட்ட வரியானாலும் அதன் ஒவ்வொரு சுரத்தையும் எங்கே வெட்டுவது என்பது வாசிக்கிறவர் கையில்தான் இருக்கிறது. தாள் அவ்வளவு தூரம் சொல்லாது.

மோட்டவுன் மேற்கே போனபோது ஜேமர்சனும் லாஸ் ஏஞ்சலஸ் போனார். அங்கே காலம் மாறியிருந்தது. தயாரிப்பாளர்கள் கணீரென்ற பேஸை விரும்பினார்கள், கட்டைவிரலால் தட்டும் பாணியைக் கேட்டார்கள். அவர் கம்பியை மாற்றவில்லை. குடி ஒருபக்கம். அழைப்புகள் குறைந்தன. 1983 ஆகஸ்டில், 47 வயதில் இறந்தார். அதற்குச் சில நாள் முன்புதான் அந்த 1962 பேஸ் திருட்டுப் போயிருந்தது. உடல் டெட்ராய்டின் உட்லான் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. ராக் அண்ட் ரோல் புகழரங்கம் 2000இல் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவரைப் பிடிவாதக்காரர் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் ஒலி எங்கே முடிய வேண்டும் என்று தெரிந்த ஒருவரிடம் அதை நீட்டச் சொன்னார்கள், அவர் மறுத்தார்.

தெற்கே போகும் சாலை நீளமானது. ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி. சோயாவும் சோளமும், பெட்ரோல் பங்க்குகளும் தவிரப் பார்க்க அதிகமில்லை. காரில் ஜாக்கோ பாஸ்டோரியஸ் பாடிக்கொண்டிருந்தார். பாடினார் என்றுதான் சொல்ல வேண்டும். 1962ஆம் வருஷத்து ஜாஸ் பேஸ் ஒன்றின் ஃப்ரெட்டுகளை நீக்கி, பள்ளங்களை அடைத்து, ரவுண்ட் கம்பி மரத்தைத் தின்றுவிடாமல் இருக்கப் படகுகளுக்குப் பூசும் எபாக்சியைப் பூசி அவர் வாசித்தார். 1976இல் வந்த அவருடைய முதல் தொகுப்பில் ஒவ்வொரு சுரமும் நீண்டு, நடுங்கி, குரலாக மாறுகிறது. தம்பிக்கு அவர்தான் தெய்வம்.

"அப்ப நீங்க சொல்லுத கணக்குப்படி ஜாக்கோ தப்பாண்ணே?" என்றான்.

"தப்பில்லை. அவர் பேஸை முன்னால கொண்டுவந்து நிறுத்தினாரு. முன்னால நிக்கிற ஆளு நீட்டிப் பேசலாம்."

"எனக்கும் ஒருநாள் முன்னால நிக்கணும். நானே எழுதின பாட்டு, பேஸ் மட்டும். சபையில வாசிக்கது ஒரு நிம்மதி, ஆனா அது போதாது."

அந்த ஆசையை நான் மதிக்கிறேன். பின்னால் நிற்பது மட்டுமே பேஸ் வாசிப்பவரின் தர்மம் என்று போதிக்கிற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. லேரி கிரஹாம் தன் தாயோடு சேர்ந்து வாசித்தபோது டிரம்ஸுக்கு ஆள் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கக் கட்டைவிரலால் கம்பியை அறைந்தும் விரலால் சுண்டியும் தாளத்தைத் தானே உண்டாக்கினார். இன்று எல்லோரும் வேடிக்கைக்காகச் செய்கிற ஸ்லாப் பாணி, ஒரு குடும்பக் குழுவின் தேவையிலிருந்து வந்தது. முன்னால் வருவதற்கும் ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான்.

அலபாமாவின் வடமேற்கு மூலையில் டென்னசி ஆற்றங்கரையில் ஃப்ளாரன்ஸ், ஷெஃபீல்ட், டஸ்கம்பியா, மசில் ஷோல்ஸ் என்று நான்கு சிற்றூர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஷெஃபீல்டில் ஜாக்சன் நெடுஞ்சாலை 3614ஆம் எண் கட்டடம் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கிடங்கு. உள்ளூர் வாசிப்பாளர்கள் நால்வர் 1969இல் இங்கே சொந்த ஸ்டூடியோ தொடங்கினார்கள். அவர்களில் பேஸ் வாசித்தவர் டேவிட் ஹூட். அதே ஆண்டு டிசம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் வந்து 'பிரவுன் ஷுகர்', 'வைல்ட் ஹார்சஸ்' பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். இதைத்தான் வழிகாட்டி ஆர்வமாகச் சொல்கிறார். நாங்கள் வந்தது 'ஐ'ல் டேக் யூ தேர்' பாட்டுக்காக.

ஸ்டேபிள் சிங்கர்ஸ் 1972இல் பாடி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு அது. மொத்தப் பாட்டுக்கும் இரண்டே கார்டுகள். அதன் அடித்தளம் ஜமைக்காவில் 1969இல் வந்த 'தி லிக்விடேட்டர்' என்ற இசைத்துண்டின் சாயல். கிங்ஸ்டனில் பிறந்த பேஸ் நடை அலபாமாக் கிராமத்துக்கு வந்து, சிகாகோவின் நற்செய்திக் குடும்பம் ஒன்றின் பாட்டுக்கு அடியில் உட்கார்ந்தது. பாதியில் மேவிஸ் ஸ்டேபிள்ஸ் ஹூட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், பேஸ் தனியாக வாசிக்கிறது. தட்டு உறையில் பெயர் தேட வேண்டிய அவசியமே இல்லாமல், பாட்டுக்குள்ளேயே பேஸ் வாசிப்பவரின் பெயர் பதிவாகிவிட்டது. அந்த நாலு கம்பித் தனி வாசிப்பில் வித்தை எதுவும் இல்லை. அதே நடையைச் சற்றே மேலே ஏற்றி, ஒவ்வொரு சுரத்தையும் குட்டையாகவே வைத்து வாசிக்கிறார் ஹூட். முன்னால் வந்த பிறகும் அவர் நீட்டவில்லை. தம்பி இதைக் கவனித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தான்.

டஸ்கம்பியா அங்கிருந்து சில நிமிஷத் தூரம். ஹெலன் கெல்லர் 1880இல் பிறந்த ஊர். பார்வையும் செவியும் இல்லாத அவர், 1924இல் நியூயார்க்கில் தன் வீட்டு ரேடியோவின் அதிரும் தகட்டில் விரல்களை வைத்து பீத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபனியை உணர்ந்து, அதை வாசித்த இசைக்குழுவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வாத்தியங்களைத் தனித்தனியாகப் பிரித்தறிய முடிந்தது என்கிறார் அதில். பேஸ் வாசிப்பவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. கருவியின் உடல் விலா எலும்பில் அதிரும்போது, காதுக்கு முன்னால் நமக்குத் தெரிவது அந்த அதிர்வுதான். இரைச்சலான மேடைகளில் என் பேஸ் எனக்குக் கேட்காதபோதெல்லாம் நான் நம்பியது விலாவைத்தான்.

72ஆம் எண் நெடுஞ்சாலை மிசிசிப்பியின் மேல்விளிம்பை உரசிக்கொண்டு மெம்ஃபிஸ் போகிறது. ஈஸ்ட் மெக்லெமோர் அவென்யூ 926ஆம் எண்ணில் ஒருகாலத்தில் கேப்பிட்டல் சினிமாக் கொட்டகை இருந்தது. நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டு அதில் ஸ்டாக்ஸ் ஸ்டூடியோ அமைத்தார்கள். தரையின் சரிவை மட்டும் அப்படியே விட்டார்கள். சரிந்த தரையும் கூரையும் இணையாக நிற்பதில்லை, அதனால் அவற்றுக்கிடையே ஒலி திரும்பத் திரும்ப ஒரே வழியில் மோதுவதில்லை. கம்பெனி 1975இல் நொடித்துப்போனது, கட்டடத்தை 1989இல் இடித்தார்கள். அதே இடத்தில் 2003இல் திறந்த அருங்காட்சியகத்தில் சரிவோடு கூடிய ஸ்டூடியோவைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சரிவில் நின்றால் கணுக்கால் அதைச் சொல்கிறது.

ஸ்டாக்ஸின் பேஸ் என்றால் டொனால்ட் 'டக்' டன். 1962இல் வந்த 'கிரீன் அனியன்ஸ்' இசைத்துண்டில் வாசித்தவர் லூயி ஸ்டைன்பர்க், டன் அவருக்குப் பின் வந்தவர். ஓடிஸ் ரெடிங் பாட்டுகளில் டன் வாசித்ததைத் தனியாக எடுத்துக் கேட்டால் ஏமாந்துபோவோம். அலங்காரமே இல்லை. அல் ஜாக்சனின் டிரம்ஸோடு சேர்த்துக் கேட்டால்தான் விளங்கும். ஸ்னேர் விழும் அந்தக் கணத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் டன் தன் சுரத்தை நிறுத்திவிடுகிறார். அடி விழ ஒரு வெற்றிடம் கிடைக்கிறது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே உணவகத்தில் உட்கார முடியாத ஊரில், இரு நிறத்தவரும் கலந்த குழு இப்படி ஒருவருக்கொருவர் இடம் விட்டு வாசித்தது. டன் 2012 மே மாதம் டோக்கியோவில் கச்சேரிகள் முடித்த கையோடு இறந்தார், 70 வயதில். கடைசி வரை மேடையில் இருந்தார்.

மறுநாள் ஞாயிறு. தெற்கு மெம்ஃபிஸில் ஒரு சிறிய சர்ச்சுக்குப் போனோம். ஹேமண்ட் ஆர்கன், டிரம்ஸ், பேஸ். முப்பது வயதிருக்கும் அந்த பேஸ் வாசிப்பாளர் கையில் ஆறு கம்பிக் கருவி. நற்செய்தி இசையில் நாலு கம்பி பேஸ் இப்போது அபூர்வம். 1980களில் சிந்தசைசர்கள் ஈ கம்பிக்கும் கீழே இறங்கிப் போனபோது பேஸ் கிதாரும் கூடவே இறங்க வேண்டியதாயிற்று, அடியில் ஒரு பி கம்பி சேர்ந்தது. நொடிக்கு 31 அதிர்வு. போதகர் பேச ஆரம்பித்தார். பேச்சு சூடேற ஏற, ஆர்கனும் பேஸும் வாக்கியங்களின் ஓரத்தில் வந்து தொட்டுவிட்டுப் போயின. போதகர் மூச்செடுக்கும் இடத்தில் பேஸ் ஒன்றிரண்டு சுரம் நுழையும். அவர் வாய் திறக்குமுன் அடங்கிவிடும். ஆறு கம்பி வைத்திருந்தும் அந்த மனிதர் பெரும்பாலான நேரம் கம்பிகளைப் பொத்திக்கொண்டுதான் இருந்தார். பாட்டு தொடங்கியதும் பி கம்பியை முழுதாகத் திறந்துவிட்டார். மரத்தரை அதிர்ந்தது. ஜேமர்சனுக்குத் தெரிந்ததையும் ஜாக்கோவுக்குத் தெரிந்ததையும் ஒரே ஆராதனையில் கேட்டேன்.

முடிந்ததும் தம்பி அவரைப் பிடித்துக்கொண்டான். ஆம்ப் என்ன, கம்பி என்ன என்று தொடங்கி, உங்கள் லட்சியம் என்ன என்றும் கேட்டுவிட்டான். அவர் யோசித்துச் சொன்னார்: ஆராதனை முடிந்து போகும் வயசான அம்மாக்கள் யாரும் என்னிடம் நன்றாக வாசித்தாய் என்று சொல்வதில்லை, இன்றைக்கு எங்களுக்கு நன்றாகப் பாட வந்தது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு போகிறார்கள், அதை வாரம் தவறாமல் கேட்க வேண்டும். கூடவே சொந்தமாக ஒரு தொகுப்பு பதிவு செய்துகொண்டிருப்பதாகவும், அதில் முழுக்க பேஸ்தான் முன்னால் என்றும் சொன்னார். இரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக அவர் நினைக்கவில்லை. தம்பியின் முகம் மலர்ந்தது. கருவியைத் திருப்பி பிரிட்ஜைக் காட்டினார். கம்பிகளுக்கு அடியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சிலிருந்து வெட்டிய பட்டை, வேண்டும்போது செருகி வேண்டாதபோது உருவிக்கொள்ள.

வழியில் ஒரு வாத்தியக் கடையில் நிறுத்தச் சொன்னான் தம்பி. ஃப்ளாட்வவுண்ட் செட் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "நாலு கம்பிக்கு ஃப்ளாட் சரிண்ணே, ஆனா பி கம்பிக்கும் போட்டா சத்தம் கலங்கிருமே?" என்றான். பி கம்பியை மட்டும் ரவுண்டாக விட்டுவிடச் சொன்னேன். ஒரே கருவியில் இரண்டு தொனி வரும், கீர்த்தனை நடுவில் கம்பி மாறும்போது துருத்திக்கொண்டு தெரியும் என்று மறுத்தான். கடைக்காரர் எங்களுக்குப் புரியாத மூன்றாவது யோசனை ஒன்றைச் சொன்னார். கல்லாவின் முன் நின்று வாதம் தொடர்ந்தது.